அவர் வேடிக்கை பார்க்கப் போகவில்லை: உயிர்காப்புப் பதக்கங்களுக்குப் பெயர் பரிந்துரைக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தாமிரபரணி வெள்ளத்தில் ஏழு பேரைக் கரை சேர்த்துவிட்டு இறந்துபோன ஒருவருக்கு, உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் ஜீவன் ரக்ஷா பதக் கேட்டு எங்கள் ஊர் கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டிருக்கிறது. காரணம் இரண்டு சொல்லியிருக்கிறார்கள். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது ஒன்று. காவல் துறை ஆவணத்தின்படி அவர் வெள்ளத்தை வேடிக்கை பார்க்கச் சென்று கால் தவறி விழுந்து இறந்தவர் என்பது மற்றொன்று. முதல் காரணம் அநியாயம். இரண்டாவது பொய். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாததால், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

எந்த அலுவலகம், எந்தக் காவல் நிலையம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு மேசையில் நடந்த தவறு என்றால் அந்த மேசைக்கே எழுதியிருப்பேன். மனுவை வாங்குகிறவர் முதல் கடைசிக் கையெழுத்துப் போடுகிறவர் வரை, பரிந்துரை எழுதும் பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும். இறந்தவரின் பெயரையும் எழுதவில்லை. முன்பின் தெரியாதவர்களின் செல்போனில் தன் வீட்டுக்காரர் பெயர் சுற்றுவதை அவர் மனைவி விரும்பவில்லை. பெயர், முகவரி, சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் உங்களிடம் இருக்கும் மனுவில் உள்ளன.

நான் ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார். பட்டாலியன் அலுவலகத்தில் கிளார்க். என் உடுப்பில் குத்தியவை எல்லாம் நீண்ட காலப் பணிக்கான பதக்கங்கள். ஒன்பது ஆண்டுக்கு ஒன்று, இருபது ஆண்டுக்கு ஒன்று என்று, ஒழுங்காக வேலை பார்த்த எந்தச் சிப்பாய்க்கும் கிடைப்பவை. வீரத்துக்கான பதக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்தப் பதக்கங்களுக்கான தாள்கள் எப்படி உருவாகின்றன என்பது தெரியும். அவற்றைத் தட்டச்சு செய்தவன் நான். இந்த மடலை எழுத எனக்கு இருக்கும் தகுதி அதுவும், அன்று இரவு கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதும்தான்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாள் மழையை நெல்லைச் சீமையில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் மூலைக்கரைப்பட்டியில் 60-ஐத் தாண்டியது. திருநெல்வேலி சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளமும் வண்ணார்பேட்டையும் தண்ணீருக்குள் நின்றன. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டதும், பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்ததும் நாடு முழுக்கத் தெரிந்தது.

சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஆற்றோரமாக இருக்கும் எங்கள் சின்ன ஊரில் நடந்தது யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் இல்லை. செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை. ரோட்டைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருந்தது. திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் வாய்க்கால் கரை உடைந்து ஆற்றோரத் தெருவுக்குள் வெள்ளம் புகுந்தது. மேட்டில் இருந்தவர்கள் கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டோம். தெருவின் கடைசியில் இருந்த மூன்று வீட்டுக்காரர்களால் வர முடியவில்லை. அவர்கள் சத்தம் போட்டது மட்டும் கேட்டது.

அவர் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். எனக்கு மகன் முறை, என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார். தண்ணீருக்குள் நின்ற தோட்டத்திலேயே இறங்கி வாழைகளை வெட்டினார். வெட்டிய தடிகளை வரிசையாகப் போட்டு, குறுக்கே மூங்கில் குத்தி, மோட்டார் இறக்கும் நைலான் கயிற்றால் கட்டித் தெப்பமாக்கினார். இன்னொரு நீளக் கயிற்றைத் தெப்பத்தில் முடிந்து மறுமுனையை எங்களிடம் கொடுத்தார். மண்டபத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி ஐந்தாறு பேர் பிடித்துக்கொண்டோம். கையில் இரண்டு டார்ச். வெளிச்சம் பட்ட இடத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்து ஓடியது. கூரைத் தகடும் சிலிண்டரும் உயிரோடு ஆடுகளும் அடித்துக்கொண்டு போயின.

முதல் தடவை ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுவந்தார். சின்னதுக்கு அப்போது ஒன்றரை வயசு. அதைத் தன் லுங்கியைக் கிழித்து முதுகோடு கட்டியிருந்தார். இரண்டாம் தடவை ஒரு கிழவனும் கிழவியும் அவர்கள் பேத்தியும். அப்போதே அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து ரத்தம். போதும், விடியட்டும் என்று நாங்கள் சொன்னோம். கடைசி வீட்டில் பக்கவாதத்தில் படுத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், கட்டில் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனார். அந்தப் பெரியவரை அங்கன்வாடி கட்டடத்தின் சன்ஷேடு மேல் தூக்கி உட்கார வைத்துவிட்டார். அதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். திரும்பும்போது மேலே இருந்து வந்த ஒரு பெரிய மரம் தெப்பத்தில் மோதியது. எங்கள் கையில் விறைப்பாக இருந்த கயிறு தொய்ந்துபோனது. இழுத்தோம். வெறும் கயிறுதான் வந்தது. இரண்டு நாள் கழித்து, ஊருக்குக் கிழக்கே உடைமரப் புதரில் உடலை எடுத்தார்கள். பக்கவாதத்தில் படுத்த அந்தப் பெரியவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். மனுவில் முதல் கைநாட்டு அவருடையது.

இனி, ஆவணத்துக்கு வருகிறேன்.

உடலை எடுத்த அன்று ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் இவருடைய அண்ணனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வாரம் காவல் துறையினருக்கு எத்தனை வேலை இருந்திருக்கும் என்பதை நான் உணராமல் இல்லை. மாவட்டம் முழுவதும் சாவு. இயற்கைக்கு மாறான மரணம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆவது பிரிவில் வழக்கு. பல தாள்களிலும் வாசகம் ஏறக்குறைய ஒரே மாதிரி. வெள்ளத்தை வேடிக்கை பார்க்கச் சென்றார், கால் தவறினார், மூழ்கினார். அண்ணன் அதை வாசித்துப் பார்க்கிற நிலைமையில் இல்லை. தம்பியின் உடலை வாங்கினால் போதும் என்று கையெழுத்துப் போட்டார்.

அரசு அறிவித்த 5 லட்சம் ரூபாய் நிவாரணம் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பணத்தைத் தாமதிக்காமல் கொடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு இறந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரும் ஒன்றாகிப்போனது. அவர் மாட்டிக்கொள்ளவில்லை. பத்திரமான மேட்டில் நின்றவர், மூன்று தடவை தானாக உள்ளே போனவர். அந்த வேறுபாட்டை எழுதிவைக்கத்தான் பதக்கம் என்ற ஒன்றை அரசு ஏற்படுத்தியிருக்கிறது.

ஜீவன் ரக்ஷா பதக் 1961-இல் தொடங்கப்பட்டது. நீரில் மூழ்குகிறவரை, தீயிலும் மின்சாரத்திலும் மண்சரிவிலும் சுரங்கத்திலும் சிக்கியவரை, தன் உயிரைப் பொருட்படுத்தாமல் காப்பாற்றுகிற எவருக்கும் உரியது. ஆண், பெண், தொழில் என்ற பாகுபாடு கிடையாது. இறந்த பிறகும் வழங்கலாம். மூன்று நிலைகள் உண்டு. சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக், உத்தம் ஜீவன் ரக்ஷா பதக், ஜீவன் ரக்ஷா பதக். இரண்டு லட்சம், ஒன்றரை லட்சம், ஒரு லட்சம் ரூபாய் என்று தொகையும் உண்டு. பதக்கத்தின் நடுவில் அபயம் காட்டும் கை பொறிக்கப்பட்டிருக்கும். இந்தப் பதக்கத்தைச் சிறியது என்று நினைக்கிறவர்களுக்கு, படையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நாட்டின் விருதுகளை அணியும் முன்னுரிமை வரிசையில் பத்மஸ்ரீக்கு அடுத்த இடம் சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்குக்கு. போர்க்களத்தில் பெறும் வீர் சக்ராவே அதற்குப் பிறகுதான். இந்த நாட்டில் ஒரு வாழைத்தோட்டக் கூலி அந்த உயரத்தில் நிற்கலாம் என்று ஏட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் மனு 2024 ஜனவரியில் கொடுக்கப்பட்டது. சம்பவம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாரணைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். பிறகு அறிக்கை வரவில்லை என்றார்கள். தேர்தல் வேலை வந்தது. அதிகாரி மாறினார், புதியவர் கோப்பைத் தேடச் சொன்னார். கோப்பு கிடைக்கவில்லை, மனுவின் நகலை மறுபடி கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம். காப்பாற்றியவரே விண்ணப்பிக்க வேண்டும், அவர் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழோடு மனைவி விண்ணப்பிக்கட்டும் என்று ஒரு தடவை சொன்னார்கள். பீடிக்கடைக்குப் போய் இலையும் தூளும் வாங்கிவந்து, சுளகை மடியில் வைத்து ராத்திரி வரை சுற்றினால்தான் பிள்ளைகளுக்குச் சோறு என்ற நிலையில் இருக்கிற பெண், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார். என் வீட்டுக்காரருக்கு வீரப் பதக்கம் கொடுங்கள் என்று அவரே மனு எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவர் கூனிக்குறுகிப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

படையில் இப்படி நடக்காது. எந்தச் சிப்பாயும் தனக்குப் பதக்கம் வேண்டும் என்று மனு எழுதுவதில்லை. எழுதினால் அது அவனுக்கு அவமானம், அவனை எழுத வைத்த அதிகாரிக்கு அதைவிடப் பெரிய அவமானம். அவனுக்காக எழுத வேண்டியது அவன் கமாண்டிங் ஆபீசரின் கடமை. நடந்ததை நேரில் கண்டவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பார்கள். ஒவ்வொருவர் வாக்குமூலமும் தனித்தனியாக எழுதப்படும். இடத்தின் வரைபடம் சேர்க்கப்படும். எதிரி எங்கே இருந்தான், இவன் எங்கிருந்து எங்கே போனான், அவன் போகாமல் இருந்திருக்க முடியுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளுக்கு சைட்டேஷன் என்று பெயர். ஒரு சொல் பிசகியிருந்தாலும் அதிகாரி திருப்பி அனுப்புவார், மறுபடியும் அடிப்போம். ஒருவன் செய்ததைக் கூட்டியும் எழுதக் கூடாது, குறைத்தும் எழுதக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம் இருக்கும்.

எங்கள் மனுவை வாங்கியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீடியோ ஏதும் இருக்கா?" என்பது. மரியாதையாகத்தான் கேட்டார். இருந்தால் வேலை சுலபம் என்ற நல்ல எண்ணத்தில்கூடக் கேட்டிருக்கலாம். கரண்டே இல்லாத இரவில், கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளில் செல்போன் எங்கே இருக்கும்?

1999-இல் கார்கிலில் 16,000 அடிக்கு மேல், இருட்டில், குண்டு பாய்ந்துகொண்டிருந்த மலையில் நடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை. டைகர் ஹில் சண்டை ஜூலை தொடக்கத்தில் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15-க்குள் பரம்வீர் சக்ரா அறிவிப்புகள் வந்துவிட்டன. உடன் நின்றவர்களின் வாய்மொழியை நம்பி எழுதினார்கள், நாடும் நம்பியது. எங்கள் ஊரில் உடன் நின்றவர்கள் இருக்கிறார்கள். காப்பாற்றப்பட்ட ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் பெரியவர்கள் நால்வர், கேட்டால் பேசுவார்கள். அவர்களிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 11 இரவு கடையம் அருகே கல்யாணிபுரத்தில் அரிவாளோடு வந்த கொள்ளையர்களை வயதான தம்பதி நாற்காலியையும் செருப்பையும் வீசி விரட்டியடித்தார்கள். வீட்டு சிசிடிவி காட்சியை உலகமே பார்த்தது. அதே வாரம் சுதந்திர நாளில் முதலமைச்சர் அவர்களுக்கு விருது கொடுத்தார். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம், இன்றைக்கும் படுகிறோம். அந்த விருது தகுதியானவர்களுக்குத்தான் போனது. 2024 குடியரசு நாளில், தென்மாவட்ட வெள்ளத்தில் மக்களைக் காத்தவர்களுக்கு வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் வழங்கப்பட்டது. வெள்ளம் வடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரத்தில் அரசு அதைச் செய்தது. மனம் வைத்தால் நாள் கணக்கில் முடிகிற வேலை இது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கேமராவும் நிருபரும் வந்து சேர்ந்த இடத்துக்கு வந்த அந்த வேகம், கேமரா வராத ஊருக்கும் வர வேண்டும் என்பதே என் வழக்கு.

தண்ணீரும் கடலும் சூழ்ந்த சீமை இது. பாபநாசம் தொடங்கி ஆறு போகும் வழியெல்லாம், குளிக்க வந்த வெளியூர்க்காரர்கள் கசத்தில் சிக்கினால் முதலில் குதிப்பது படித்துறையில் துவைத்துக்கொண்டிருப்பவரும் ஆடு மேய்ப்பவரும்தான். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் அவர்கள் ஒருவரை வெளியே போட்டிருப்பார்கள். அதே வெள்ளத்தில் கடற்கரை ஊர்களின் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்து வீட்டு மாடிகளில் நின்றவர்களை இறக்கினார்கள். மறுநாள் பத்திரிகையில் என்ன வரும்? பொதுமக்கள் மீட்டனர் என்று வரும். அந்தப் பொதுமக்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு தகப்பன் பெயர் இருக்கிறது. நம் ஆவணங்களில் இறந்தவர் பெயருக்கு இடம் உண்டு, புகார்தாரர் பெயருக்கு இடம் உண்டு, காப்பாற்றியவர் பெயருக்கு எங்கே இடம் இருக்கிறது? இரண்டு ஆண்டு கழித்து யாராவது தேடினால் அந்த மனிதர் அங்கே இருந்ததற்கே சாட்சி இருக்காது.

இரண்டு ஆண்டு விதி எதற்காக இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. நாள் ஆக ஆகச் சாட்சிகளின் நினைவு மங்கும், கதை வளரும். அதைத் தடுக்கத்தான் காலவரம்பு. எங்கள் மனுவோ நினைவு பச்சையாக இருக்கும்போதே வந்துவிட்டது. வாக்குமூலங்கள் அந்த ஜனவரியிலேயே தேதியிட்டு எழுதப்பட்டவை. காலம் ஓடியது கோப்பு உங்கள் பக்கம் இருந்தபோது. உங்கள் அலமாரியில் கிடந்த நாட்களை ஒரு கூலித் தொழிலாளியின் கணக்கில் எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

எங்கள் பக்கத்தில், ஊரைக் காக்கப் போய் உயிர் விட்டவரைப் பட்டவன் என்று சொல்லிக் கும்பிடுவார்கள். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் பட்டவராயன் சந்நிதியில் செருப்பு நேர்ந்து கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கிடை மாட்டைக் கொள்ளையரிடமிருந்து மீட்கப் போய் இறந்தவர் அவர். எங்கள் ஊரிலும் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டு, டிசம்பர் 18 அன்று பொங்கல் வைக்கிறார்கள். காப்பாற்றப்பட்ட அந்தச் சின்னப் பிள்ளையைத் தாய் கூட்டிவந்து கும்பிட வைக்கிறாள். ஊர் செய்ய வேண்டியதை ஊர் செய்துவிட்டது. அதனால் அரசு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஆகாது. ஊர் கும்பிடுகிற மனிதரை, அரசின் ஏடு வேடிக்கை பார்க்கப் போனவர் என்று சொல்கிறது. அவருடைய மூத்த மகன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். நாளைக்கு ஏதோ ஒரு வேலைக்கு அப்பாவின் இறப்பு ஆவணத்தைக் கொண்டுபோவான். அதில் இதைத்தான் வாசிப்பான்.

நிராகரிப்புக் கடிதத்தை நான்தான் அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் காரணத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைக் கேட்டதும் சுற்றிக்கொண்டிருந்த பீடியைச் சுளகில் வைத்துவிட்டார். "துட்டும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம் மாமா. அவுக வேடிக்கை பாக்கப் போனாகன்னு எழுதிருக்காகளே, அத மட்டும் அழிக்கச் சொல்லுங்க" என்றார். பதக்கம் வேண்டாம் என்று அவர் சொல்லலாம். அது அவருடைய மனசு. அவர் சொன்னார் என்பதற்காக நானோ நீங்களோ அதை விட்டுவிட முடியாது. பதக்கம் கொடுப்பது குடும்பத்துக்குச் செய்கிற தயவு என்று நினைத்தால்தான் விடலாம்.

ஆகவே நான் கேட்பவை இவை.

முதலில் அந்த வரி. ஏழு பேரிடமும், கயிறு பிடித்த எங்களிடமும், ஊருக்கே வந்து, முறையாக மறு விசாரணை செய்யுங்கள். அவர் எப்படி இறந்தார் என்பதை உள்ளபடி எழுதி, இப்போதுள்ள வாசகம் தவறு என்று ஆவணத்தில் பதிவு செய்யுங்கள். திருத்திய அறிக்கையின் நகலை அவர் மனைவியிடம் கொடுங்கள். இதற்குக் காலவரம்பு எதையும் காரணம் காட்ட வேண்டாம். பொய்யைத் திருத்த நாள் கடந்துவிட்டது என்று எந்த அரசும் சொல்ல முடியாது.

அடுத்து, எங்கள் மனு உரிய காலத்துக்குள் வந்தது என்பதை ஒப்புக்கொண்டு, தாமதம் நிர்வாகத்தின் பக்கம் நேர்ந்தது என்று எழுத்தில் குறிப்பிட்டு, விதியைத் தளர்த்தும்படி மாநில அரசின் வழியாக மத்திய உள்துறைக்குப் பரிந்துரை அனுப்புங்கள். மூன்று நிலைகளில் எது என்பதை அங்கே உள்ளவர்கள் முடிவு செய்யட்டும். சர்வோத்தம் நிலைக்கு அவர் தகுதியானவர் என்பது என் கருத்து, அதையும் பதிவு செய்கிறேன். மாநிலத்தின் அண்ணா பதக்கத்துக்கும் அவர் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முடியாது என்றால், முடியாததற்கான விதி எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் தாருங்கள்.

மூன்றாவது, இனி வரப்போகிறவர்களுக்காக. காப்பாற்றியவரோ அவர் வாரிசோ விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்வதை நிறுத்துங்கள். வெள்ளம், நீரில் மூழ்குதல், தீ, கிணறு இடிதல், படகு கவிழ்தல் என்று எது நடந்தாலும், யார் காப்பாற்றினார்கள் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையிலும் காவல் நிலையப் பதிவிலும் எழுதியாக வேண்டும் என்று உத்தரவிடுங்கள். இதற்குப் புது அலுவலகம் வேண்டாம், புதுச் செலவு வேண்டாம், தாளில் ஒரு வரி இடம் போதும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் அந்தப் பெயர்களை வாசிக்கச் செய்யுங்கள். விட்டுப்போன பெயரை ஊர்க்காரர்களே அங்கே எழுந்து சொல்வார்கள், தவறான பெயர் இருந்தாலும் அங்கேயே மறுப்பார்கள். அந்தப் பட்டியலிலிருந்து பரிந்துரையை நீங்கள் எழுதுங்கள், கமாண்டிங் ஆபீசர் எழுதுவதைப் போல. ஒரு மனு வந்துவிட்டால் அது இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மனுதாரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். காலவரம்பு நெருங்குகிறது என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

2023 வெள்ளத்தில் இதே போல விட்டுப்போன பெயர்கள் தாமிரபரணிக் கரையில் இன்னும் இருக்கின்றன. ஊர் ஊராகக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கணக்கையும் ஒரு தடவை எடுங்கள். எழுதுகிற வேலைக்கு ஆள் போதவில்லை என்றால், எங்கள் ஒன்றியத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் சம்பளம் இல்லாமல் வந்து உட்கார்ந்து எழுதித் தரத் தயாராக இருக்கிறோம்.

இந்த மடலின் அச்சுப் பிரதியை, ஒப்புகைச் சீட்டு, வாக்குமூலங்கள், நிராகரிப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம். மனுவில் உள்ள முகவரிக்கு, அவர் மனைவியின் பெயருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
தாமிரபரணிக் கரை, திருநெல்வேலி மாவட்டம்